வென்டிலேட்டரில் ஒளித்து வைத்தது

முரளி,

இந்தக் கடிதம் எங்கே இருந்து உன் கைக்கு வந்தது என்பதிலேயே உனக்குப் பாதி விஷயம் புரிந்திருக்கும். நம் வீட்டு பாத்ரூம் வென்டிலேட்டரில், வலது பக்கக் கண்ணாடிக்குப் பின்னால், கையை விட்டுத் துழாவினால் மட்டுமே தட்டுப்படுகிற அந்த இடுக்கில் நீ வைத்திருந்த கிருமிநாசினி பாட்டிலையும் களிம்பு டியூபையும் எடுத்துவிட்டு இதை வைத்திருக்கிறேன். நனையக் கூடாது என்று பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதற்குள் போட்டிருக்கிறேன். பதறாதே, உன் அம்மா பார்க்கவில்லை. வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் ஒட்டடையாவது அடித்துவிடலாம் என்று நான்தான் ஸ்டூல் போட்டு ஏறினேன். ஏறியதும் கை தானாக அந்த இடுக்குக்குப் போனது. ஏனென்றால் அந்த இடம் உனக்கு முன்னால் என்னுடையது. உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது நானும் இதே மாதிரி ஒரு பாட்டிலையும் டியூபையும், கூடவே ஒரு லேகிய டப்பாவையும் அங்கேதான் ஒளித்து வைத்திருந்தேன்.

நேரிலேயே சொல்லியிருக்கலாம். நீ சாயங்காலம் கம்பெனி வேனில் ஏறிப்போனால் விடிந்துதான் வருகிறாய், அதற்குள் நான் டிப்போவுக்குப் போய்விடுகிறேன் என்று ஒரு சாக்குச் சொல்லலாம்தான். ஆனால் உண்மை அதுவல்ல. எதிரெதிரே உட்கார்ந்தால் நீ தரையைப் பார்ப்பாய், நான் கூரையைப் பார்ப்பேன், கடைசியில் உன் வண்டிக்கு ஆயில் மாற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டு நான் எழுந்துவிடுவேன். இத்தனை வருடமாக இந்த ஊர் நெரிசலில் பஸ் ஓட்டியிருக்கிறேன், பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது 'அங்கே', 'கீழே', 'அந்த இடம்' என்று மூடி மூடிச் சொல்லப் போவதில்லை. டாக்டர் சொன்ன மாதிரியே ஆண்குறி, முன்தோல், விதைப்பை என்றே எழுதுகிறேன். உனக்குக் கூச்சமாக இருந்தால் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படி.

கௌரி வீட்டோடு தாம்பூலம் மாற்றிய அன்று நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்று நான் பார்த்தேன். ஸ்ரீராம்புரத்திலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் நீ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாய். அப்படிப்பட்டவன் போன வாரம் திடீரென்று "இப்போதைக்குக் கல்யாணம் வேணாம், அவங்க கிட்ட சொல்லிடுங்க" என்கிறாய். காரணம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய். உன் அம்மா சமையலறையில் உன்னை நிறுத்தி வைத்து, "வேற யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிடு சாமி, அந்தப் பொண்ணு பாவம் நமக்கு வேணாம்" என்று கேட்டாளே, அப்போது நான் ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கேள்வியை, அதே குரலில் ஒரு காலத்தில் என்னிடமும் கேட்டிருக்கிறாள். அப்போது அவள் நினைத்ததும் தப்பு, இப்போது நினைப்பதும் தப்பு. மறுநாள் வென்டிலேட்டரில் கை வைத்தபோது அது எனக்கு உறுதியாகிவிட்டது.

என் கதையைச் சொல்கிறேன். மர்பி டவுனில் நான் வளர்ந்த காம்பவுண்டில் ஆம்பளைகளுக்கென்று குளிக்கிற அறை கிடையாது. பொதுத் தொட்டிக்குப் பக்கத்தில், பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்க, நாங்கள் ஜட்டியோடு நின்று சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொள்வோம். சோப்பு உடம்பெல்லாம் போகும், ஜட்டிக்குள் மட்டும் போகாது. பிறகு துண்டைச் சுற்றிக்கொண்டு அதற்குள்ளேயே ஈர ஜட்டியை உருவி எடுப்போம். யார் துண்டு நழுவாமல் எடுக்கிறான் என்று எங்களுக்குள் போட்டியே நடக்கும். கல்யாணமாகி அடுகோடியில் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு முதல்முறையாகக் கதவு வைத்த பாத்ரூம் கிடைத்தது. என்ன செய்தேன் தெரியுமா? கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, உள்ளே தன்னந்தனியாக, ஜட்டியோடுதான் குளித்தேன். யாருக்காக வெட்கப்பட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. முன்தோலைப் பின்னால் தள்ளித் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதும் இல்லை, நான் உனக்குச் சொன்னதும் இல்லை. காதுக்குப் பின்னால் தேய்த்தாயா, குதிகாலைத் தேய்த்தாயா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

காவிரிக் கலவரம் முடிந்த அடுத்த கோடையில் எனக்கு அரிப்பு ஆரம்பித்தது. அப்போதைய பஸ்ஸில் எஞ்சின் டிரைவர் பக்கத்திலேயே இருக்கும். அந்த வெக்கையில், பாலியஸ்டர் காக்கி பேண்ட்டுக்குள், இடுப்புக்குக் கீழே வெந்துகொண்டே வண்டி ஓட்ட வேண்டும். கடைசி ஸ்டாப்பில் ஒதுங்க இடம் இருக்காது என்பதால் தண்ணீர் குடிக்கவும் மாட்டேன், வந்தாலும் அடக்கிக்கொள்வேன். அதனால் சூட்டுக்குத்தான் அரிக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் முன்தோல் சிவந்தது, நுனியில் வெடிப்பு வெடிப்பாக வந்தது, ஒன்றுக்குப் போனால் எரிந்தது. வீட்டில் தரை கழுவுவதற்கு வைத்திருந்த கிருமிநாசினியைத் தண்ணீர் கூடக் கலக்காமல் அப்படியே எடுத்துப் போட்டேன். உயிர் போய்த் திரும்பி வந்தது. அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் போய், "தொடை இடுக்குல சொறி" என்று பொய் சொல்லி ஒரு களிம்பு வாங்கினேன். போட்டால் நாலு நாள் சுகமாக இருக்கும், விட்டால் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். உன் டியூபைப் பார்த்தேன், அதுவும் அந்த ரகம்தான். அடி வரைக்கும் பிதுக்கியிருக்கிறாய். அதைப் பார்த்தபோது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்ததடா.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று நீ கேட்கலாம். டிப்போவில் எவனுக்காவது ஆண்குறியில் ஏதாவது என்றால் உடனே 'பொம்பளை சீக்கு' என்று பெயர் வைத்துவிடுவார்கள். பிறகு அவன் ரிட்டயர் ஆகும்வரை அதே பெயர்தான். எனக்கு உன் அம்மாவைத் தவிர வேறு யாரையும் தெரியாது, ஆனாலும் நம்புவார்களா? அவளே நம்புவாளா? முதுகு வலிக்கிறது, தரையில் படுத்தால்தான் தேவலை என்று சொல்லி ஹாலில் பாய் விரித்துக்கொண்டேன். என் துணியை நானே துவைத்தேன். அதுவரை ஒரு கைக்குட்டை கூடத் துவைக்காத ஆள் திடீரென்று தன் ஜட்டியைத் தானே துவைத்து, யார் கண்ணிலும் படாமல் துண்டுக்கு அடியில் காயப்போட்டால் பெண்டாட்டிக்குச் சந்தேகம் வராதா? டிரைவர் கண்டக்டர் என்றாலே ரூட்டின் கடைசி ஸ்டாப்பில் ஒரு சின்ன வீடு வைத்திருப்பான் என்று ஊரே பேசும். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை டொம்மென்று வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தக் கடைசி ஸ்டாப்புல எவ இருக்கா? மறைக்காம சொல்லுய்யா. நான் கூச்சல் போட மாட்டேன், என் பையனைக் கூட்டிக்கினு எங்க வூட்டுக்குப் போயிடறேன்." இல்லை என்று சொன்னால் பிறகு எதற்குத் தனியாகப் படுக்கிறாய் என்று கேட்பாளே. பேசாமல் இருந்தேன், அவள் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள். அந்த நாட்களில் இந்த வீட்டில் நீ மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தாய்.

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. 'இளமையில் செய்த தவறால் ஆண்மை இழந்து வாடுகிறீர்களா?' என்று தமிழிலும் கன்னடத்திலும் போட்டு, பக்கத்து லாட்ஜில் பரம்பரை வைத்தியர் முகாம் என்று இருந்தது. போனேன். ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட ஒருவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பரிசோதிக்கவே இல்லை. கண்ணைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், "சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்திச்சா?" என்றார். இருந்தது, எவனுக்குத்தான் இல்லை. தலையை ஆட்டினேன். "அதான் நரம்பு செத்துப்போச்சு" என்று ஒரு டப்பா லேகியம் கொடுத்தார். அப்படிச் செய்வதால் நரம்பும் சாகாது, ஒரு வியாதியும் வராது என்பதைப் பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உன் மனதில் அப்படி ஒரு குற்ற உணர்ச்சி இருந்தால் இந்த வரியோடு அதைத் துடைத்துப் போட்டுவிடு. லேகியம் கருப்பட்டியும் தேனும் நெய்யுமாக, அதிரச மாவு மாதிரி அவ்வளவு ருசி. காலையும் மாலையும் ஒரு உருண்டை என்றார். நான் நல்லது சீக்கிரம் நடக்கட்டும் என்று இரண்டு இரண்டாகத் தின்றேன். தின்னத் தின்னத் தாகம் எடுத்தது, ஒன்றுக்கு அடிக்கடி வந்தது, புண் பெரிதானது. மருந்து வேலை செய்கிறது, வியாதி வெளியே வருகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கண்டுபிடித்தது எறும்புகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா பாத்ரூம் கழுவப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டாள். சுவரில் ஒரு எறும்பு வரிசை வென்டிலேட்டருக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டூல் போட்டு அவள் எடுத்து வைத்திருந்த லேகிய டப்பா தரையில் இருந்தது. ஆனால் அவள் கை நீட்டிக் காட்டியது அதை இல்லை. இன்னொரு வரிசை தரையோரமாக, நான் ஒன்றுக்குப் போகிற மூலைக்குப் போய் அங்கே மொய்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்ததாம். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சின்ன வூட்டுக்குப் போறவன் மூத்திரத்துல எறும்பு மொய்க்குமாய்யா? உனக்கு சக்கரை இருக்குது. என்னா மறைக்கிற, எங்க வலிக்குது, சொல்லு." அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து நான் அழுதேன் முரளி. அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி, காட்டவும் காட்டினேன். "இதுக்கா என்னை இத்தினி நாளு கொன்னே?" என்று தோளில் ஒரு அடி வைத்தாள். அந்த அடிக்கு அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

ரத்தத்தைப் பார்த்தார்கள், சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. அந்த டாக்டர் என்னை யூராலஜிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினார். சிறுநீர்ப் பாதைக்கும் ஆண்களின் உறுப்புகளுக்கும் அவர்தான் டாக்டர். அப்படி ஒரு டாக்டர் உலகத்தில் இருக்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வயதான கன்னடக்காரர், தமிழ் கொஞ்சம் பேசுவார். நான் பேண்ட்டைக் கழற்றத் தயங்கி நின்றதும், "நாச்சிகெ எதுக்கப்பா?" என்றார். வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தான் நான் அங்கே வந்து நின்றேன் என்று அவருக்குத் தெரியும். "உங்க பஸ் கெட்டுப்போனா பானெட் தெறக்காம மெக்கானிக் கிட்ட குடுப்பீங்களா?" பார்த்துவிட்டு, சர்க்கரை ஏறினால் இந்தத் தோலில் பூஞ்சை வரும், வந்து வந்து ஆறினால் தழும்பாகித் தோல் சுருங்கிப் பின்னால் போகாமல் இறுகிவிடும், இது எந்தப் பெண்ணிடமிருந்தும் வந்ததில்லை என்று உன் அம்மாவை உள்ளே கூப்பிட்டு அவளுக்கும் சேர்த்தே சொன்னார். அவளுக்கும் அரிப்பு இருந்தால் மருந்து தேவைப்படும் என்றார். லேகியத்தைப் பற்றிச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். சர்க்கரை அடங்கி, புண் ஆறியதும், இறுகிப்போன முன்தோலை எடுத்துவிடச் சொன்னார்.

அதைக் கேட்டதும் எனக்கு மறுபடியும் பயம். என் கண்டக்டர் பாய் ஒருவர், சிவாஜி நகர்க்காரர், அவரிடம் மட்டும் மெல்லச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா டிரைவரே நீங்க! எங்க வூட்டு சின்னப் பசங்க இத்தைப் பண்ணிக்கினு நாலாம் நாளு காத்தாடி வுட்றானுங்கோ. நீங்க இம்மாம் பெரிய வண்டி ஓட்றீங்கோ, இதுக்குப் போயி பயப்பட்றீங்கோ." ஊசி போட்டு மரத்துப்போக வைத்துச் செய்தார்கள், அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன். டிப்போவில் ஹெர்னியா ஆபரேஷன் என்று பாய்தான் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். லீவு முடிந்து நான் வண்டியில் ஏறியபோது டிரைவர் சீட்டில் மெத்தென்று ஒரு பருத்தித் துணி மடித்துப் போட்டிருந்தது. அவர் எதுவும் நடக்காத மாதிரி பின்னால் டிக்கெட் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இப்போது உன் விஷயம். உனக்கு என்ன என்று எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்லை. சர்க்கரையாக இருக்கலாம், நம் வீட்டில் அது இருக்கிறது. இல்லை, சின்ன வயதிலிருந்தே முன்தோல் இறுக்கமாக இருந்து, கல்யாணம் என்றதும் பயந்துபோய் நீ அதை வலிய இழுத்துப் பார்த்துப் புண்ணாக்கிக்கொண்டாயோ என்னவோ. குழந்தையில் எல்லாப் பையன்களுக்கும் அது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். எண்ணெய் தடவி இழுத்துவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி யோசனை சொன்னபோது உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் செய்ததுதான் சரி என்று டாக்டரும் சொன்னார். வளர வளரத் தானாகப் பிரியும், இழுத்தால்தான் கிழிந்து தழும்பாகும். நாளைக்கு உனக்கு ஒரு பையன் பிறந்தால் அவனை யாரும் இழுக்க விடாதே. ஆனால் வளர்ந்த பிறகும் பின்னால் போகவில்லை, வலிக்கிறது, வெடிக்கிறது, ஒன்றுக்குப் போகும்போது பலூன் மாதிரி உப்புகிறது என்றால் அது டாக்டர் பார்க்க வேண்டியது. எல்லாருக்கும் கத்தி வைப்பதில்லை. பல பேருக்கு டாக்டர் எழுதித் தருகிற களிம்பை அவர் சொன்ன அளவில் போட்டாலே இளகிவிடுமாம். நீ கடையில் வாங்கியது அது இல்லை.

உன் கிருமிநாசினியைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். இனிமேல் ஆண்குறியில் அந்த மாதிரி எதையும் போடாதே. தினம் ஒருமுறை, ஜட்டியைக் கழற்றிவிட்டு, முன்தோல் வலிக்காமல் எவ்வளவு போகுமோ அவ்வளவு மட்டும் பின்னால் தள்ளி வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவு. வெளியே சோப்புப் போடு, உள்ளே நுரையைத் தேய்க்காதே. மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் அது வியாதி இல்லை, எல்லா ஆம்பளைக்கும் படிவதுதான், கழுவினால் போய்விடும். கழுவி ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, ஞாபகமாகத் தோலை மறுபடி முன்னால் கொண்டு வந்துவிடு. பின்னால் போனது அங்கேயே மாட்டிக்கொண்டு வீங்க ஆரம்பித்தால் வீட்டில் உட்கார்ந்து ஐஸ் வைத்துக்கொண்டிருக்காதே, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடு. பருத்தி ஜட்டி போடு, தினம் மாற்று, வெயிலில் கொடியில் விரித்துக் காயப்போடு. நம் வீட்டுக் கொடியில் உன் ஜட்டி தொங்குவதைப் பார்த்து அடுகோடி மயங்கி விழப் போவதில்லை.

இன்னும் சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. விதையில் திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரம் தாமதித்தால் அந்த விதையே போய்விடும். ஷிப்ட் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்து இழந்தவன் ஒருவனை எனக்குத் தெரியும். விதையில் வலியே இல்லாமல் ஒரு கட்டி, ஒரு கடினம் தெரிந்தாலும் உடனே காட்டு. வலிக்காததால்தான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். அவ்வப்போது குளிக்கும்போது விரலால் மெதுவாக உருட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும் போ. ஆறாத புண், முன்தோலுக்கு அடியில் ஏதாவது முளைத்தது, சீழ், குளிர்க் காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீர் அடியோடு நின்றுபோவது, எதையும் வென்டிலேட்டரில் வைக்காதே. அழுக்கும் புண்ணுமாக வருடக்கணக்கில் விட்டவர்களுக்கு ஆண்குறியில் புற்றுநோய் கூட வருவதுண்டு என்று டாக்டர் சொன்னார். உன்னைப் பயமுறுத்த இல்லை, தள்ளிப்போடாமல் இருக்கச் சொல்கிறேன். ஒரு வேளை எங்கேயாவது யாரோடாவது போய் அதனால் வந்திருந்தால் கூடச் சரி, அதற்கும் மருந்து இருக்கிறது. டாக்டரிடம் மறைக்காதே. என்னிடம் சொல்லத் தேவையில்லை. நான் கேட்கவும் மாட்டேன்.

கௌரியை நினைத்துப் பார். நர்சரி ஸ்கூலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிற பெண், ஒரு காரணமும் சொல்லாமல் வேண்டாம் என்றால் என்ன நினைப்பாள்? தன் நிறம் பிடிக்கவில்லை, தன் பல் பிடிக்கவில்லை என்று கண்ணாடி முன்னால் நின்று தன்னையே குறை தேடுவாள். உன் அம்மா அப்படித்தான் செய்தாள். நான் ஹாலில் படுத்த நாட்களில் அவள் தினம் தலையில் பூ வைத்துக்கொண்டாளே, எதற்கென்று நினைத்தாய்? எனக்கு வலித்தது கொஞ்சம்தான். நான் பேசாமல் இருந்ததால் அவளுக்கு வலித்ததுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கௌரியின் அப்பா பதில் கேட்க வருகிறார். உடம்புக்கு ஒரு சின்ன வைத்தியம் பாக்கியிருக்கிறது, முடிந்ததும் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று நான் அவரிடம் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கௌரியிடம் மட்டும் நீயே சொல். எல்லாவற்றையும் சொல்வது உன் இஷ்டம், ஆனால் 'உன்னால் இல்லை' என்பதை மட்டுமாவது சொல்லிவிடு.

கடைசியாக ஒன்று. கொஞ்ச நாளாக எனக்கு ஒன்றுக்கு வந்தால் அடக்க முடியவில்லை, போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. ராத்திரியில் எழுந்து எழுந்து உட்கார்கிறேன். வயதான ஆம்பளைகளுக்குச் சிறுநீர்ப்பைக்கு அடியில் வருகிற சுரப்பி வீக்கமாக இருக்கும், டாக்டரிடம் போ என்று உன் அம்மா நச்சரிக்கிறாள். நாளைக்கு, நாளைக்கு என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை, பயமாக இருந்தது. உன் டியூபை எடுத்த கையோடு அந்தப் பழைய டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். இப்போது அவர் மகன் பார்க்கிறாராம். வியாழக்கிழமை காலை, நீ வேனை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வராதே, செக்போஸ்ட் ஸ்டாப்பில் நில். நான் வண்டியைக் கொண்டு வருகிறேன். அம்மாவிடம் என்னுடைய செக்கப்புக்குத் துணைக்கு வருகிறாய் என்று சொல்லியிருக்கிறேன், அது பொய்யும் இல்லை. அடுத்தடுத்து இரண்டு டோக்கன் போட்டிருக்கிறேன். முதல் டோக்கன் என்னுடையது. நான் உள்ளே போய், பேண்ட்டைக் கழற்றி, எல்லாவற்றையும் காட்டிவிட்டு வெளியே வருகிறேன். நான் உயிரோடு வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு நீ உள்ளே போ.

உன் அப்பா